சிவந்துபோன கௌரம்மா

அத்தியாயம் 7

தசரா அன்று காலை பத்து மணிக்கு ஒரு குடும்பஸ்தன் நிற்க வேண்டிய இடம் இது இல்லை என்று புருஷோத்தமனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மாமியார் வீட்டில் மட்டன் வெந்துகொண்டிருக்கும். மனைவி நீலா புதுப்புடவை கட்டி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். "பத்தரைக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவனை அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மல்லாபூர் ஓடைக்கரையில் அவனுக்கு முன்னால் ஒரு குவியல் மீன். விரால், கெண்டை, விரல் நீளக் குஞ்சுகள் என்று எல்லாம் வயிறு வெளுத்து, வாய் திறந்து கிடந்தன.

"மேடம், இந்த நாத்தத்துல ஏதாவது தடயம் இருந்தாலும் அது மயக்கம் போட்டு விழுந்திருக்கும்."

"நீ விழாம இரு. உன்னைத் தூக்க எனக்கு இடுப்பு சரியில்லை" என்றாள் மங்கையர்க்கரசி.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். செகந்திராபாத்தில் ஒரு பேக்கரியின் மாடியில், புருஷோத்தமனை உதவிக்கு வைத்துக்கொண்டு துப்பறியும் அலுவலகம் நடத்துகிற பெண் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ரயில்வே நஷ்டஈட்டுப் பிரிவில் இருந்தவள். கூடை மாம்பழம் வழியில் அழுகிவிட்டது என்று மனு கொடுப்பவரின் சட்டையில் மாம்பழச் சாறு தேடியே பழகிய கண் அவளுக்கு.

விஷயம் இதுதான். ஓடை இரண்டு மைல் ஓடி மூசி நதியில் கலக்கிறது. இருபது வருஷமாகச் சாக்கடையாய்க் கிடந்ததை, மல்லாபூர் குடும்பங்களும் கரையோரத்து மீனவர்களும் சங்கம் சேர்ந்து இரண்டு வருஷம் பாடுபட்டுச் சுத்தம் செய்தார்கள். ஆகாயத் தாமரையை அள்ளினார்கள். மனு எழுதி மூன்று தொழிற்சாலைகளின் கழிவுக் குழாய்களை அடைக்க வைத்தார்கள். ஜூன் மாதம் மீன் குஞ்சு விட்டார்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அரசாங்க அதிகாரி வந்து பார்த்து, இந்த இரண்டு மைலையும் மீன் காப்புப் பகுதியாக எழுதிக்கொடுப்பதாக ஏற்பாடு.

நேற்று, ஆயுத பூஜை அன்று விடிந்தபோது ஒரு மீன் உயிரோடில்லை.

நேற்று மாலையே சங்கத் தலைவர் தேவசகாயத்தைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது. பக்கத்துப் பக்கெட் கம்பெனி மானேஜர் பாபுராவ் புகார் கொடுத்திருந்தார். கம்பெனி மேல் பழி போடுவதற்காகத் தேவசகாயமே ஓடையில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார், என் கண்ணாலேயே பார்த்தேன் என்று. தேவசகாயம் வீட்டில் அரை மூட்டை பிளீச்சிங் பவுடரும் இருந்தது. சங்கத்துக் கிணறுகளுக்குப் போட வாங்கியது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டுபோறாங்களாம்மா" என்றாள் அவர் மனைவி ஆரோக்கியமேரி. அழுது முடித்த குரல். "ரிமாண்ட் பண்ணி உள்ளே போட்டுட்டா, ரெண்டு நாள்ல ரயில்வேல சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. ஒர்க்‌ஷாப்புல முப்பத்தொரு வருஷம். ஒரு மெமோ வாங்கினதில்லை. ரிட்டயர் ஆக நாலு மாசம்தான் இருக்கு."

"ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு மேரியம்மா."

பக்கத்தில் நின்றிருந்த சிவஞானம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சங்கத்தின் செயலாளர். பக்கெட் கம்பெனியில் போர்மன். நெற்றி நிறைய விபூதி. நேற்று இரவு பேக்கரி மாடிப்படி ஏறிவந்து மங்கையர்க்கரசியை இந்த வேலைக்கு அமர்த்தியவர் அவர்தான். "தேவசகாயம் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன்மா. அவரை எப்படியாவது வெளியே கொண்டுவந்துடுங்க" என்று இரண்டு கையையும் கூப்பியவர்.

புருஷோத்தமன் தன் வழக்கப்படி எல்லோரையும் சந்தேகப்பட்டான். அவனுக்கு அதில் பாரபட்சம் கிடையாது. மீனவர் தலைவன் யாதகிரி? தசரா வியாபாரத்துக்கு மருந்து வைத்து மீன் பிடித்திருக்கலாம். பாபுராவ்? பெயரே சரியில்லை. ஆரோக்கியமேரியைக் கூட அரை நிமிஷம் சந்தேகப்பட்டான். அதற்குள் அவள் டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டதால் விட்டுவிட்டான்.

"யாதகிரி, பெண்கள் யாரும் கரைக்கு வரலையே, ஏன்?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

யாதகிரி தமிழ்க்காரர்களோடு பழகிய தமிழில், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "பயம்மா. பதுகம்மா விட்டாங்க இல்ல, அஷ்டமி சாயங்காலம்? கௌரம்மா கோவிச்சுக்கிச்சு. மஞ்சள் கௌரம்மா ரத்தமா மாறிப்போச்சு. அந்தப் பக்கம் வத்தும்மா, போக வேண்டாம்."

மங்கையர்க்கரசியின் கண் பளிச்சென்றது. "எந்தப் பக்கம்?"

பூக்களைக் கோபுரம்போல அடுக்கி, உச்சியில் மஞ்சளில் கௌரி அம்மனைக் கௌரம்மாவாகப் பிடித்துவைத்து, சுற்றிவந்து பாடித் தண்ணீரில் விடுவது தெலுங்குப் பெண்களின் பதுகம்மா பண்டிகை. ஓடை நாறிய இருபது வருஷமும் மல்லாபூர் பெண்கள் வேறெங்கோ போய் விட்டுவந்தார்கள். இந்த வருஷம்தான் சொந்த ஓடைக்குத் திரும்பியிருந்தார்கள். மேலே படித்துறையில் விட்ட பூக்கோபுரங்கள் மெல்ல மிதந்துவந்து, கரையோரக் கோரையில் ஆங்காங்கே சாய்ந்து நனைந்து சிக்கிக் கிடந்தன.

மங்கையர்க்கரசி படித்துறையிலிருந்து கீழே நடந்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து பார்த்தாள். புருஷோத்தமன் பின்னால் எண்ணிக்கொண்டே வந்தான்.

"ஒன்பது. ஒன்பதும் மஞ்சள். மேடம், நீலா கேட்டா நான் கோயிலுக்குப் போயிருந்தேன்னு சொல்லுங்க. பொய்யில்லை. ஒன்பது அம்மனைப் பாத்தாச்சு."

பத்தாவதின் முன்னால் அவள் நின்றாள். சாமந்தியும் செண்டுமல்லியும் நிறம் மாறாமல் வாடியிருந்தன. நடுவில் கைப்பிடி மஞ்சள், குங்குமத்தில் முக்கி எடுத்ததுபோல் செக்கச்செவேலென்று காய்ந்திருந்தது. பதினொன்றும் அப்படித்தான். பன்னிரண்டும்.

யாதகிரி தூரத்திலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"புருஷோத்தமா, உன் கல்யாணத்துல ஆரத்தி எடுத்தாங்களே, தட்டுல என்ன கரைச்சாங்க?"

"சிவப்பா ஏதோ. நான் அப்ப நீலாவைப் பாத்துட்டு இருந்தேன்."

"மஞ்சளும் சுண்ணாம்பும். ரெண்டுமே சிவப்பில்லை, சேர்ந்தா சிவக்கும். சுண்ணாம்பு மட்டுமில்லை, சோடா உப்பு, காஸ்டிக், காரமா எது பட்டாலும் மஞ்சள் இப்படித்தான் ஆகும். கௌரம்மா கோபப்படலை. நமக்குச் சாட்சி சொல்லியிருக்கா."

"பிளீச்சிங் பவுடரா இருந்தா?"

அதற்கு ஆரோக்கியமேரி கிணற்றுக்கென்று டப்பாவில் எடுத்து வைத்திருந்த பவுடர் உதவியது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, ஒன்பதாவது பதுகம்மாவிலிருந்து பூவும் மஞ்சளும் எடுத்துப் போட்டுவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார்கள். மஞ்சள் கொஞ்சம் சிவந்து, பிறகு சோகை பிடித்ததுபோல் வெளுத்தது. சாமந்தியும் வெளிறிப்போயிற்று.

"பூ நிறம் போகலை, மஞ்சள் மட்டும் சிவந்திருக்கு. அப்போ ஓடையில வந்தது பிளீச்சிங் பவுடர் இல்லை" என்றாள் மங்கையர்க்கரசி. "அதோட, ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவுலதான் வந்திருக்கு."

அந்த இருபதடியில் கோரை ஆள் உயரம் நின்றது. புருஷோத்தமன் அதை விலக்கினான். பக்கெட் கம்பெனிச் சுவர்ப் பக்கமிருந்து வந்த, பாசி படர்ந்த ஒரு இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. கீழே இருந்த புல் மட்டும் கருகியிருந்தது.

"பக்கெட் கம்பெனிக் குழாய் கீழேதானே இருக்குன்னு சொன்னாங்க?"

"அது ஊருக்குத் தெரிஞ்ச குழாய்" என்றாள் அவள். பிறகு கரையைப் பார்த்து, "மேரியம்மா, கரையில இருக்கிற எல்லாக் குழாயையும் சங்கம் மேப் போட்டு போலீசுக்கும் ஆபீசருக்கும் கொடுத்துச்சே, அதுல இது இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லையேம்மா. பதினாலு குழாய்தான். ஒண்ணொண்ணா நடந்து பாத்துப் போட்டது."

"போட்டது யார்?"

"சிவஞானம் அண்ணன்தான்."

மங்கையர்க்கரசி திரும்பிப் பார்த்தாள். சிவஞானம் அங்கே இல்லை. ஸ்டேஷனில் தேவசகாயத்துக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார் என்றார்கள்.

*

"மேடம், இன்னிக்குக் கம்பெனி லீவு. உள்ளே எப்படிப் போறது?"

"தங்கம் கொண்டுபோவோம்."

தசரா அன்று ஜம்மி என்கிற வன்னி இலையைத் தங்கம் என்று சொல்லிக் கையில் கொடுத்துக் கட்டித் தழுவிக்கொள்வது ஊர் வழக்கம். தங்கம் கொண்டுவந்தவனை இந்த ஊரில் யாரும் வாசலில் நிறுத்திப் பேசுவதில்லை. மூன்று மணிக்கு, கை நிறைய ஜம்மி இலையோடு புருஷோத்தமன் கம்பெனி வாசலில் வாட்ச்மேனைக் கட்டிக்கொண்டான். பிறகு வாட்ச்மேனின் தம்பியை. பிறகு யாரென்று தெரியாத ஒருவரை. அவர்தான் மானேஜர் பாபுராவ்.

"செகந்திராபாத்ல நம்ம மேடத்துக்குப் பாத்திரக் கடை, சாப். ஐநூறு வாளி வேணும். நல்ல நாள்ல பேசிட்டுப் போலாம்னு."

ஐநூறு என்றதும் பாபுராவின் முகத்தில் இன்னொரு தசரா வந்தது. இந்தி, தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து பேசிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார்.

"ஓடையில ஏதோ கலாட்டாவாமே?" என்று மங்கையர்க்கரசி சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்த ரயில்வேக்காரன் பண்ண வேலைம்மா. இதோ, இந்த கேட்டுல நின்னு நானே பாத்தேன். மூட்டையைத் தூக்கி அப்படியே கொட்டினான்."

புருஷோத்தமன் இரண்டடி பின்வாங்கி கேட்டில் நின்று பார்த்தான். ஏழடிச் சுவர் தெரிந்தது. அதன் மேல் ஒரு காக்கா தெரிந்தது. ஓடை தெரியவேண்டுமானால் அந்தக் காக்காவைத்தான் கேட்கவேண்டும்.

உள்ளே பூஜையின் வாசனை இன்னும் போகவில்லை. எந்திரங்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். முதலாளி சேட்டின் அறைக் கதவில் செந்தூரத்தில் ஸ்வஸ்திகம். உடைத்த பூசணிக்காயை ஈக்கள் மொய்த்தன. கோடியில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று, மேலே பலகை மூடி, பலகை மேல் வரிசையாக எலுமிச்சம்பழம்.

"கிட்டே போகாதீங்க. காஸ்டிக் சோடாக் கரைசல். தகட்டுல எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க இதுலதான் முக்குவோம். கை பட்டா தோல் போயிடும்."

"ஐயய்யோ. மாத்தும்போது ஆபத்தில்லையா?"

"மாத்தறதே அபூர்வம். ஜூன்ல நிரப்பினது. காலி பண்ணணும்னா என் கையெழுத்து வேணும். பின்னாடி குழியிலதான் விடணும், அதுக்கு ரெண்டு நாள் வேலை நிக்கும். சும்மா விடுவேனா?"

"அப்போ இப்ப முழுசா இருக்கு."

"விளிம்பு வரைக்கும்."

புருஷோத்தமன் பக்தியோடு முன்னால் போனான். ஜம்மி இலையைப் பலகை மேல் வைத்துக் கும்பிட்டான். கும்பிட்ட வேகத்தில் முழங்கை தட்டி ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு பலகை இடுக்கில் விழுந்தது.

'டொங்' என்று கோயில் மணிபோலக் கேட்டது.

"சாப்," என்றான் அவன் பணிவாக, "விளிம்பு வரைக்கும் இருந்தா 'பொளக்'னுல்ல கேக்கணும்?"

பாபுராவ் பாய்ந்துவந்து பலகையைத் தூக்கினார். தொட்டி காலி. வெறும் காலி இல்லை. தேய்த்துக் கழுவி, முகம் பார்க்கலாம்போல் துடைத்து வைத்திருந்தது. உட்சுவரின் நடுவில் விபூதியில் மூன்று பட்டை. நடுவே சந்தனப் பொட்டு, அதற்குள் குங்குமம். அடியில் எலுமிச்சம்பழம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் கையெழுத்தே போடலியே..." என்றார் பாபுராவ். தெலுங்கில், யாரிடம் என்று இல்லாமல். முகத்தில் ரத்தமே இல்லை.

மங்கையர்க்கரசி ஐநூறு வாளியை ஆயிரமாக்கிவிட்டு, யோசித்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

*

"முடிஞ்சுது மேடம்!" ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே கத்தினான் புருஷோத்தமன். "தொட்டி காலி, புல் கருகல், மஞ்சள் சிவப்பு. பாபுராவை இப்பவே பிடிச்சுக் கொடுத்துட்டு நான் மட்டன் சாப்பிடப் போறேன்."

"அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தியா? தேவசகாயத்தைப் பார்த்தேன்னு சொன்னது பொய். சங்கத்தை ஒழிக்கக் கிடைச்ச சந்தர்ப்பம்னு சொன்ன பொய். ஆனா தொட்டி காலியானது அவருக்கே இப்பத்தான் தெரியும்."

"அப்போ யாரு?"

"எந்திரங்களுக்கெல்லாம் என்ன வச்சிருந்தாங்க?"

"மஞ்சள், குங்குமம்."

"சேட்டு?"

"செந்தூரம்."

"தொட்டிக்கு மட்டும்?"

ஸ்கூட்டர் நின்றுவிட்டது. அவன்தான் நிறுத்தினான்.

விபூதிப் பட்டை, சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அவன் அப்பா தையல் மிஷினுக்கு வைப்பதுபோல. ஆயுத பூஜைக்கு முந்தின நாளே சாமானைத் துலக்கி, உள்ளும் புறமும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைக்கவேண்டும் என்று நினைக்கிற வீடு. அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு வீட்டிலிருந்து வருகிறவர் ஒருவர்தான்.

"நக்கோ மேடம், இருக்காது" என்றான் மெதுவாக. "அவருதானே நம்மளை வேலைக்கு வச்சார்? கையைக் கூப்பினாரே."

"அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. நீ முதல்ல யாதகிரிகிட்ட போ. குழாய் பக்கத்துல ஆளை உட்கார வைக்கச் சொல்லு. பாபுராவ் இந்நேரம் குழாயை அடைக்கக் கொத்தனாரைத் தேடிட்டிருப்பார்."

"பெண்களும் வருவாங்களா? கௌரம்மா பயம்..."

"ஆரத்தித் தட்டைக் கொண்டுபோ. அவங்க கண் முன்னாலேயே கரைச்சுக் காட்டு."

*

சிவஞானம் ஆரோக்கியமேரியின் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர். தேவசகாயம் சாப்பிடவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

மங்கையர்க்கரசி எதிரே படியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, தொட்டியை வருஷா வருஷம் கழுவுவீங்களா?"

அவர் நிமிரவில்லை. டிபன் கேரியரைப் பார்த்தபடியே, "பதினெட்டு வருஷமா" என்றார்.

"மானேஜருக்குத் தெரியாம."

"அழுக்குத் தொட்டிக்குப் பொட்டு வைக்க மனசு வராதும்மா. கேட்டா ரெண்டு நாள் வேலை நிக்கும்னு திட்டுவாங்க. அதனால அஷ்டமி அன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் நான் மட்டும் நின்னு, தொட்டிக்கு அடியில வால்வைத் திறந்து மழைத்தண்ணிக் குழாய்ல விட்டுடுவேன். மறுநாள் பூஜை. லீவு முடிஞ்சு முதல் ஷிப்ட்டுக்கு முன்னால புதுசா கரைச்சு நிரப்பிடுவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஓடை?"

"பதினேழு வருஷம் அதுல சாகறதுக்கு எதுவுமே இல்லையேம்மா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருஷம்தான் மீன் இருந்துச்சு. நான்தான் கூடையில கொண்டுவந்து விட்டேன். அஷ்டமி அன்னிக்குக் கை தன்னால போய் வால்வைத் திறந்துச்சு. பொட்டு வைக்கும்போதுகூட ஞாபகம் வரலை. விடிஞ்சு கரைக்கு வந்தேன் பாருங்க, அப்பத்தான்..."

"மேப்ல அந்தக் குழாயை ஏன் போடலை?"

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே, மழைக் குழாய்தானேன்னு..." முடிக்காமல் தலையில் அடித்துக்கொண்டார். "தேவசகாயத்தைப் பிடிச்சப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை. நீங்க வந்தா பாபுராவோட பொய்யை உடைச்சு அவரை விடுவிச்சிடுவீங்க, என் பேர் வராதுன்னு நெனச்சேன்."

கதவின் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஆரோக்கியமேரி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலேமுக்கால்.

"எந்திரிங்கண்ணே," என்றாள். "ஸ்டேஷனுக்குப் போலாம்."

*

சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கூட்டாளியைக் காப்பாத்த நல்ல கதை. பாபுராவோட கம்பெனியில அப்படி ஒரு குழாயே கிடையாது." மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை விரித்தார். "இதோ உங்க சங்கம் கொடுத்த மேப். பதினாலு குழாய். கீழே கையெழுத்து யாருது?"

சிவஞானத்தின் கையெழுத்து. அவர் போட்ட பொய் இப்போது அவர் சொல்லும் உண்மையை மறித்துக்கொண்டு நின்றது.

"சாப், மாஜிஸ்திரேட் வீட்டுக்கு ஓடைக்கரை வழியாத்தானே போகணும்?" என்றான் புருஷோத்தமன். "அஞ்சு நிமிஷம். குழாய் இல்லைன்னா எங்களையும் சேர்த்து ரிமாண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கும் நல்லதுதான். இன்னிக்கு நான் வீட்டுக்குப் போறதைவிட ஜெயில் பத்திரம்."

ஜீப்பின் பின்சீட்டில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், ஒரு நாள் தாடி. எதிரே உட்கார்ந்த சிவஞானத்தை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்டேஷனில் பேசியதெல்லாம் லாக்கப்பிலிருந்தே அவர் காதில் விழுந்திருந்தது.

கரையில் முப்பது பெண்கள் கோரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆரத்தித் தட்டு. எதிரே இரண்டு கொத்தனார்கள், ஒரு சிமெண்ட் மூட்டை, வியர்த்து வழியும் பாபுராவ். பெண்களை மிதித்துக்கொண்டு போகவும் முடியாமல், திரும்பிப் போகவும் மனமில்லாமல் நின்றிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் சிமெண்ட் மூட்டையைப் பார்த்தார். பிறகு பாபுராவைப் பார்த்தார். "பண்டிகை நாள்ல என்ன மராமத்து?"

பாபுராவ் வாயைத் திறந்தார். எந்த மொழியும் உதவிக்கு வரவில்லை.

சிவஞானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கோரையை இரண்டு கையாலும் பிரித்துப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"இதுதான். பதினஞ்சாவது குழாய். அஷ்டமி சாயங்காலம் திறந்துவிட்டது நான். தேவசகாயம் இல்லை."

யாதகிரியின் மனைவி 'த்தூ' என்று துப்பினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கருகிய புல்லையும் சிவந்த கௌரம்மாக்களையும் பார்த்து முடித்து, பாபுராவை ஜீப்பில் ஏறச் சொன்னார். பொய்ப் புகாருக்கு அவர் எழுதித்தர வேண்டியது நிறைய இருந்தது. தேவசகாயத்திடம், "நீங்க வீட்டுக்குப் போலாம்" என்றார். ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேவசகாயம் வீட்டுக்குப் போகவில்லை. சரிவில் இறங்கினார். இதோ அறை விழப்போகிறது என்று புருஷோத்தமன் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

தேவசகாயம் குனிந்து குழாயின் வாயைக் கையால் அளந்தார். "நாலு அங்குலம்."

"ஆமா" என்றார் சிவஞானம்.

"ரெண்டு வருஷம் இந்தக் கரையில நடந்தேன். நீயும் என்கூடவே நடந்தே."

"ஆமா."

"காலையில ஒன்பது மணிக்கு ஆபீசர் வர்றார். மேப்ல இதை நீயே வரைஞ்சு, நீயே அவர்கிட்டக் கொடு. உன் வேலை போகும்."

"தெரியும்."

தேவசகாயம் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு கரை ஏறத் தொடங்கினார். பாதி ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே... அதுக்கப்புறம் என்கூடப் பேசுவீங்களா?"

அவர் நின்றார். திரும்பவில்லை. கீழே வெறுமையாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"மீன் வரட்டும்" என்றார்.